‘பிக் அப்’ என்றால் தூக்குவது மட்டும்தானா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை ‘பிக் அப்’ பற்றி மட்டும் கேளுங்கள் என்று வாசகர்களிடம் சொன்னேன். வந்த கேள்விகளில் சில, என் பதில்களோடு.

ஆன்டி, ‘பிக் அப்’புக்குத் தமிழில் ஒரே சொல் சொல்லுங்களேன்.

ஒரே சொல் கிடையாது அம்மா. கீழே விழுந்த சாவியை எடுக்கிறோம், பள்ளி வாசலிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருகிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் பிக் அப். ஆனால் நம்முடைய ‘பிடி’யைக் கொஞ்சம் பாருங்கள். சளி பிடிக்கிறது, வியாபாரம் சூடு பிடிக்கிறது, பாஷை பிடிபடுகிறது. மூன்று இடத்திலும் ஆங்கிலத்தில் பிக் அப் வரும். சளியை யாரும் கை நீட்டிப் பிடிப்பதில்லை, ஆங்கிலம் பேசுகிறவர்களும் குனிந்து தூக்குவதில்லை.

பாஷை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. அதிலும் அடுத்தடுத்த கப்பல்களிலும் வந்து கரும்புத் தோட்டத்தில் வேலைக்கு இறங்கியவர்கள், இந்த ஊர் மக்களின் சூலு மொழியையும், அதிலிருந்து வந்த கலப்பு மொழியான ஃபனகலோவையும் வகுப்பில் உட்கார்ந்து படிக்கவில்லை. காதில் விழுந்து விழுந்து நாக்கில் ஏறியது. அதுதான் பிக் அப். புத்தகம் வைத்துப் படித்தால் ‘லேர்ன்’ என்றே சொல்லுங்கள்.

‘அப்’ என்றால் மேலே தானே?

சாவிக்கு ஆமாம். சளிக்கு இல்லை.

‘பிக் அப் ஹிம் அட் டூ’ என்று மெசேஜ் போட்டேன். மகள் சிரிக்கிறாள்.

சிரிக்கட்டும், அவள் சொல்வது சரி. ‘பிக் அப் த சைல்டு’, ‘பிக் த சைல்டு அப்’ இரண்டும் நடக்கும். ஹிம், ஹர், இட், தெம் வந்தால் மட்டும் நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘பிக் ஹிம் அப்’. எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்.

மதுரையிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது. செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்கலாமா?

வண்டிக்கு நான் ஆள் இல்லை தம்பி. கடையில் ‘பக்கி’ என்று கேளுங்கள், இந்த ஊரில் அதுதான் பெயர்.

‘ஐ பிக்ட் அப் வெயிட்’ தப்பு, ‘புட் ஆன்’ தான் சரி என்கிறார் லண்டன் மைத்துனர்.

நானே மாட்டிக்கொண்ட இடம் இது. ஒரு தடவை சென்னையில் டாக்டரிடம், ஐந்து கிலோ ‘பிக் அப்’ ஆகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் இடுப்பைப் பார்த்து, “எதைத் தூக்கினீங்க, முதுகு வலிக்குதா?” என்றார்.

எடை கூடியதற்கு இப்படிச் சொல்வது தென்னாப்பிரிக்கப் பழக்கம். இங்கே பேசப்படும் இன்னொரு மொழியான ஆப்பிரிக்கான்ஸில் ‘ஒப்டெல்’ என்றால் கீழே கிடப்பதை எடுப்பது; எடை ஏறினாலும் அதே சொல்தான். இங்கே எல்லாருக்கும் புரியும். மைத்துனருக்கு எழுதும்போது ‘புட் ஆன்’ போட்டுவிடுங்கள்.

டீச்சர், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டிலிருந்து எழுதுகிறேன். தப்பைத் தப்பு என்று சொல்லாமல் நீங்களே சப்பைக்கட்டு கட்டலாமா?

எது சப்பைக்கட்டு? ‘உடம்பு சதை பிடித்திருக்கிறது’ என்று உங்கள் வீட்டில் சொன்னதே இல்லையா? சதையைப் பிடித்தது யார், எந்தக் கையால்? தமிழில் அது அழகு, டர்பன் ஆங்கிலத்தில் மட்டும் குற்றமா? லண்டனில் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை என்றால் நானே சிவப்பு மையில் சுழிப்பேன். அடுப்படியில் பேசுகிறவளை ஏன் திருத்த வேண்டும்?

டோங்காட் அண்ணா சொல்வதுதான் சரி. நம் பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுப்போகிறது.

சரி, உங்கள் இருவருக்கும் ஓட்டு விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது.

ஆன்டி, ‘அப்’ என்றால் மேலே என்று தானே அர்த்தம்?

மூன்றாவது ஆள் நீங்கள். மேலே போய்ப் படியுங்கள்.

‘பிக் அப் இட்’ என்று சொல்லலாமா?

ஃப்ரிட்ஜைப் பாருங்கள்.