வாசகர் கேள்வி: பிரின்சிபே எங்கே உள்ளது?

கேள்வி: எங்கள் ஊர்ச் சூரிய ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்தபின் கிரகணங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க 1919-இல் பிரின்சிபே என்ற தீவில் படம் எடுத்தார்களாம். அது தனி நாடா? அங்கு வாழ்வோர் யார்?
— கல்லூரி மாணவி, கொடைக்கானல்

பதில்: பிரின்சிபே மட்டும் தனி நாடு அன்று, சாவோ டோமே என்ற பெரிய தீவும் அதுவும் சேர்ந்ததே நாடு. ஆப்பிரிக்க நாடான காபோனுக்கு மேற்கே, அட்லாண்டிக்கின் கினி வளைகுடாவில் உள்ள இவ்வெரிமலைத் தீவுகளின் பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டர், மக்கள் இரண்டு லட்சத்துக்குச் சற்று அதிகம், ஆட்சிமொழி போர்ச்சுகீசியம். நாட்டின் மிக உயர்ந்த சிகரம் 2,024 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட உங்கள் ஊரின் உயரம்.

இந்நாட்டின் வரலாறு பெரும்பாலும் தோட்டங்களின் வரலாறே. 1470 வாக்கில் போர்ச்சுகீசியர் வந்தபோது தீவுகளில் மனிதர் இல்லை. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்து முதலில் கரும்பும், 19-ஆம் நூற்றாண்டில் காப்பியும் கொக்கோவும் பயிரிட்டார்கள். அடிமைமுறை 1870-களில் சட்டப்படி ஒழிந்த பின்னும், ஒப்பந்தக் கூலிகள் என்ற பெயரில் அங்கோலாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களுள் ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலரே. இக்கொடுமை வெளியுலகுக்குத் தெரியவந்ததால், 1909-இல் பிரிட்டனின் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் இத்தீவுகளின் கொக்கோவை வாங்க மறுத்தன.

பிரிட்டிஷ் வானியலாளர் ஆர்தர் எடிங்டன் 1919 மே 29-ஆம் நாள் கிரகணத்தைப் படமெடுத்த சுண்டி என்ற இடமும் அத்தகைய கொக்கோத் தோட்டமே. காலையில் மழை பெய்து, பின்னர் மேகமும் மறைத்ததால், சில ஒளிப்படத் தகடுகளில் மட்டுமே விண்மீன்கள் பதிந்தன. அவற்றோடு பிரேசிலின் சோப்ரலில் இன்னொரு குழு எடுத்த படங்களையும் அளந்து பார்த்த பிறகே, ஐன்ஸ்டைனின் கொள்கை சொன்னபடியே சூரியனருகே விண்மீன்களின் ஒளி வளைகிறது என்று அவ்வாண்டு நவம்பரில் லண்டனில் அறிவித்தார்கள். அந்தச் சாதனையைக் கற்பிக்கும் பாடநூல்கள், அதே மண்ணில் உழைத்தவர்களைப் பற்றியும் சில வரிகள் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1953 பிப்ரவரியில், தங்களையும் தோட்ட வேலைக்குக் கட்டாயமாக இழுத்துச் செல்வார்கள் என்று அஞ்சி எதிர்த்த உள்ளூர் மக்கள் பலரைக் காலனி அரசு கொன்றது. பிப்ரவரி 3 அங்கு இன்றும் தியாகிகள் நாள். 1975 ஜூலை 12-இல் விடுதலை பெற்றதும் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1990-களில் அந்நிலங்களில் ஒரு பகுதி சிறு விவசாயிகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. அவர்கள் விளைவிக்கும் கொக்கோ இன்றும் நாட்டின் முக்கிய ஏற்றுமதிகளுள் ஒன்று.