தைத்த குவில்ட் பிடிக்காமல் போய்விட்டது: முடிக்கவா, பிரிக்கவா, தூக்கிப் போடவா?

கேள்வி: பெரிய கட்டில் அளவுக்கு ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்த மேல்பாகம், நடுவில் பஞ்சு, அடியில் துணி என மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை) தொடங்கி, மேல்பாகத்தைத் தைத்து முடித்துவிட்டேன். துணிக்கு நிறையச் செலவு செய்திருக்கிறேன். இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முடிப்பதா, பிரிப்பதா, தூக்கிப் போடுவதா?

பதில்:

முடித்தே ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. எடுத்த காரியத்தைப் பாதியில் விடக் கூடாது என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். படிப்புக்கும் வேலைக்கும் அது சரி. குவில்ட்டில் மேல்பாகம் முடிந்தால் பாதி வேலைகூட ஆகவில்லை என்று அர்த்தம். இனிமேல்தான் அடித்துணி விரித்து, பஞ்சு வைத்து, மூன்றையும் சேர்த்து மேலே தையல் ஓட்டி, வெளி விளிம்பை ஒரு நாடாத் துணியால் மூடித் தைக்க வேண்டும். கட்டில் அளவு என்றால் வீட்டுத் தையல் மெஷினின் கழுத்துக்குள் அத்தனை பெரிய சுருட்டலையும் நுழைத்து இழுக்க வேண்டும், தோள் விட்டுப்போகும். பிடிக்காத ஒன்றுக்காக அந்தப் பாட்டைப் படத் தேவையில்லை. செலவு செய்த காசு துணியாக உங்களிடமே இருக்கிறது. பஞ்சுக்கும் அடித்துணிக்கும் கொடுக்கப்போவதுதான் புதுச் செலவு.

ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன்னால், எது பிடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். மொத்தமாகப் பிடிக்கவில்லை என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரு நிறமோ, ஓரத்துப் பட்டியோ, துண்டுகள் அடுக்கிய விதமோதான் காரணமாக இருக்கும்.

மதுரையில் என் வீட்டில் சிலருக்குக் குவில்ட் தைக்கச் சொல்லித்தருகிறேன். வருகிறவர்களில் ஒரு பெண் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளையும் கடையில் வாங்கிய கடுகு மஞ்சள் துணியையும் சேர்த்து லாக் கேபின் கட்டங்கள் தைத்திருந்தார். நடுவில் சின்னச் சதுரம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் பட்டை பட்டையாகத் துணி ஏறிக்கொண்டே போகும் வடிவம் அது. "அக்கா, இதைப் பார்த்தாலே எரிச்சலா வருது. இந்த மஞ்சள்தான் எல்லாத்தையும் கெடுக்குது. நீங்களே வெச்சுக்கோங்க" என்று பையோடு கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினேன். மஞ்சள், ஊதா, சிவப்பு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தன. லாக் கேபினுக்கு உயிரே ஒரு பாதி வெளுப்பாகவும் மறு பாதி அடர்த்தியாகவும் இருப்பதுதான். இங்கே வெளுப்பும் இல்லை, அடர்த்தியும் இல்லை. நிறங்கள் நன்றாகத்தான் இருந்தன, எடுத்துக்காட்டத்தான் ஆள் இல்லை.

ஒரு தையலும் பிரிக்காமல் அதைச் சரிசெய்தோம். ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் இன்னொரு வரிசை பட்டை ஏற்றினார்: இரண்டு பக்கம் வெளுத்த காடாத் துணி, இரண்டு பக்கம் கரும்பச்சை. பிறகு கட்டங்களைத் தரையில் திருப்பித் திருப்பி அடுக்கிப் பார்த்தோம். லாக் கேபினில் அதே கட்டங்களை வைத்துக்கொண்டு, திருப்பும் விதத்திலேயே நடுவிலிருந்து விரியும் வைரமாகவும், சாய்ந்த உழவுச்சால் மாதிரியும், வெயிலும் நிழலும் மாறி மாறி வருவது போலவும் செய்யலாம். அவர் வைரத்தைத் தேர்ந்தெடுத்தார். கடுகு மஞ்சள் அப்படியே இருக்கிறது. இப்போது அவருக்கு அதுதான் பிடித்த நிறம்.

அதனால் முதலில் கருப்பு வெள்ளைப் படம் ஒன்று எடுத்துப் பாருங்கள். நீங்கள் ஏற்கனவே கட்டங்களை இணைத்துவிட்டிருக்கிறீர்கள். என்றாலும் கட்டங்களுக்கு நடுவே இருக்கும் நீளத் தையல்களை மட்டும் பிரித்தால் போதும், கட்டத்துக்குள் கை வைக்க வேண்டியதில்லை. பிரிக்கும்போது துணியை இரண்டு பக்கமும் இழுத்துக் கிழிக்காதீர்கள், ஓரம் இழுபட்டு அளவு மாறிவிடும். ஒரு பக்கத்து நூலில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக, தையல் பிரிக்கும் சின்னக் கருவியான ரிப்பரால் அறுத்துக்கொண்டே போங்கள். பிறகு மறுபக்கத்து நூலை இழுத்தால் முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். கட்டங்கள் தனித்தனியானதும் நடுவில் வெளிர்நிறப் பட்டை கொடுத்து மறுபடி இணையுங்கள். நெருக்கியடித்துக்கொண்டு கத்துகிற நிறங்கள் கொஞ்சம் மூச்சுவிடும்.

ஒரே ஒரு துணிதான் எரிச்சல் தருகிறது, வடிவமும் சாதாரணச் சதுரங்கள்தான் என்றால் வெட்டுவதற்குத் தயங்காதீர்கள். 5 அங்குலச் சதுரங்கள் ஒன்பதைக் கால் அங்குலத் தையலில் இணைத்தால் 14 அங்குலக் கட்டம் கிடைக்கும். அதை நெடுக்கும் குறுக்கும் சரிபாதியாக வெட்டினால் 7 அங்குலத் துண்டுகள் நான்கு. அவற்றைத் திருப்பி வைத்து மறுபடி இணைக்கும்போது, நடுவில் இருந்த நாலரை அங்குலச் சதுரம் நான்காகச் சிதறி, தைத்த பிறகு 2 அங்குலப் பொட்டுகளாகிவிடும். எந்தத் துணி உங்களை உறுத்துகிறதோ அது நடுவில் இருந்தால் அழகாகக் கரைந்துபோகும். பார்க்கிறவர்கள் இத்தனை சின்னத் துண்டுகளை எப்படித் தைத்தீர்கள் என்று கேட்பார்கள்.

நிறம் நன்றாக இருக்கிறது, ஆனால் விரித்தால் தட்டையாகப் படுக்கவில்லை, ஓரம் அப்பளம் மாதிரி நெளிகிறது என்றால் அது வேறு கதை. நீளப் பட்டையை ஓரத்தில் வைத்து, தைத்துக்கொண்டே போய், கடைசியில் மிச்சத்தை வெட்டுவதால் வருவது அது. ஓரம் எப்போதும் கொஞ்சம் இழுபடும், அதற்கு ஏற்பப் பட்டையும் நீண்டுவிடும். ஓரப்பட்டியை மட்டும் பிரித்தெடுத்து, குவில்ட்டின் நடுவில் நீளத்தை அளந்து, அந்த அளவுக்கு இரண்டு பட்டிகளையும் ஒன்றுபோல வெட்டி, நடுவிலும் முனைகளிலும் குண்டூசி குத்திவிட்டுத் தையுங்கள். ஒரு மதியத்தில் முடிகிற வேலை. இதற்காக முழு மேல்பாகத்தையும் வெறுக்காதீர்கள்.

சில சமயம் உண்மையில் அது வெறுப்பே இல்லை, சலிப்பு. ஒரே கட்டத்தை மறுபடி மறுபடி தைத்தால் யாருக்கும் வரும். அப்போது அளவைக் குறையுங்கள். கட்டிலுக்கு என்று தொடங்கியது சோபாவில் மடியில் போட்டுக்கொள்ளும் போர்வையாக முடியலாம். யாருக்காகத் தொடங்கினோமோ அவரோடு உறவு முறிந்திருந்தாலோ, அவர் இப்போது இல்லையென்றாலோ, அந்தத் துணியைத் தொடவே கை வராது. அதற்கு நிற யோசனை எதுவும் உதவாது. இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சாயம் போடுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். முழுப் பருத்தி மேல்பாகம் என்றால் நல்ல வழிதான். பருத்தி இழையோடு இறுகப் பிணையும் ரியாக்டிவ் சாயத்தில் நீலத்தையோ பச்சையையோ போட்டால் முட்டிக்கொண்டிருந்த நிறங்களெல்லாம் ஒரு குடும்பமாகிவிடும். நீலம் போட்டால் மஞ்சள் பச்சையாகும், இளஞ்சிவப்பு ஊதாவாகும். பாலியெஸ்டர் கலந்த துணி இந்தச் சாயத்தை அரைகுறையாகத்தான் பிடிக்கும், பாலியெஸ்டர் நூல் பிடிக்கவே பிடிக்காது. அந்த நூலால் மேலே தையல் ஓட்டி முடித்த குவில்ட்டாக இருந்தால் நூல் மட்டும் தனியாகப் பளிச்சென்று தெரியும். வாளியில் போடுவதற்கு முன் மேல்பாகத்தின் நான்கு ஓரத்திலும் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரம் நூல்நூலாகப் பிரிந்து சிக்கிக்கொள்ளும். உள்ளே சுங்குடியோ அடர்ந்த சிவப்போ இருந்தால், நனைத்த வெள்ளைத் துணியால் முதலில் தேய்த்துப் பாருங்கள், சாயம் விடுகிறதா என்று தெரிந்துவிடும். வெள்ளையை மட்டும் மங்கவைக்கத் தேநீரில் முக்குகிறவர்களும் உண்டு. அதில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் காலப்போக்கில் துணியை நலியவைக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டும் மனசு ஒட்டவில்லையா? அப்போது அதைக் குவில்ட்டாகப் பார்க்காமல் துணியாகப் பாருங்கள். ஒட்டுத்துணி தைத்த பெண்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் ஆறு வளைந்து ஓடும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த வேலைத் துணிகளை வெட்டி, இருக்கிற துண்டுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றிக்கொண்டே போர்வை தைத்தார்கள். குளிருக்குத் தைத்த அந்தப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரேறின, 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளாகவும் வந்தன. பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் மேல்பாகம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஓரத்தில் தொடங்கி, துண்டு வைத்து ஓட்டுத் தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நைந்த இடம் இருந்தால் அதன் மேல் இன்னொரு துண்டு. நீங்களும் அதைச் செய்யலாம். உறுத்துகிற கட்டத்தைப் பிரிக்காமல், அதன் மேலேயே பிடித்த துணியை வைத்து, ஓரம் மடித்துத் தைத்துவிடுங்கள்.

அல்லது முழுவதையும் உள்ளே போட்டுவிடுங்கள். பழைய அமெரிக்க குவில்ட் ஒன்றின் கிழிசல் வழியே பார்த்தால் உள்ளே பஞ்சுக்குப் பதிலாக இன்னொரு நைந்த குவில்ட் இருப்பது உண்டு. வங்காளத்துக் காந்தாவோ பழஞ்சேலைகளை அடுக்கியே தைக்கப்படுவது. நம் ஊர் வெக்கைக்குப் பஞ்சே அதிகம் என்பது என் எண்ணம். பிடிக்காத மேல்பாகத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையைப் போட்டு ஓட்டுத் தையல் போட்டுப் பாருங்கள். மார்கழிக் காலைக்கு அதைவிட இதமான போர்வை கிடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உள்ளே இருக்கும் அடர்நிறம் வெளிர் சேலை வழியாகத் தெரியும், அதனால் வெளியே கொஞ்சம் அடர்ந்த நிறமாகவோ கட்டம் போட்டதாகவோ எடுங்கள்.

மூன்று அடுக்கும் சேர்த்துத் தைத்த பிறகுதான் பிடிக்காமல் போனது என்றால் பிரிக்கவே உட்காராதீர்கள், அது கண்ணுக்குக் கேடு. வெட்டுங்கள். வெட்டப்போகும் கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் மெஷினில் ஒரு தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டினால் அடுக்குகள் பிரிந்து வராது. தலையணை உறை, காய்கறிப் பை, சாப்பாட்டு மேசை விரிப்பு, லேப்டாப் உறை எல்லாம் ஆகும். அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி மட்டும், உள்ளே இருப்பது பருத்திப் பஞ்சு என்று உறுதியாகத் தெரிந்தால்தான் செய்ய வேண்டும். பாலியெஸ்டர் பஞ்சு சூட்டில் உருகிக் கையைச் சுட்டுவிடும்.

கொடுப்பது பற்றி எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உங்கள் ரசனைக்குப் பிடிக்காததைத் தாராளமாகக் கொடுக்கலாம், உங்களுக்கு உறுத்துகிற ஆரஞ்சு இன்னொரு வீட்டில் பண்டிகை. தையல் விட்டது, சாயம் ஒழுகுவது, நாலு துவைப்புத் தாங்காதது ஆகியவற்றை முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ அனுப்பாதீர்கள். அங்கே இருப்பவர்களுக்கும் நல்ல போர்வைதான் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, நோயிலும் துயரிலும் இருக்கும் குழந்தைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைச் சேர்க்கும் ப்ராஜெக்ட் லைனஸ் என்ற அமைப்பு 1995 முதல் இருக்கிறது. புதிதாகவும் துவைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்பது. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தால், தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவைக்க என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தை மேல் குவில்ட் மாதிரியான போர்வை எதையும் போர்த்தக் கூடாது. தைக்கத் தெரிந்த இன்னொருவருக்குப் பாதி வேலையாகவே கொடுப்பதாக இருந்தால் மீதித் துணியையும் சேர்த்துக் கொடுங்கள். அதே துணி மறுபடி கடையில் கிடைக்காது. கொடுத்த பிறகு முடித்தாயா என்று கேட்காதீர்கள்.

இப்போது முடிவு எடுக்க மனம் வரவில்லை என்றால் எடுத்து வைப்பதும் ஒரு முடிவுதான். பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், ஈரம் கோத்துப் புள்ளி விழும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். குண்டூசிகளை எடுத்துவிடுங்கள், துருக்கறை லேசில் போகாது. ஒரு தாளில் கட்டத்தின் அளவு, தையலுக்கு விட்ட இடம், எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து என்ன செய்வதாக இருந்தீர்கள் என்பதை எழுதிக் கூடவே வையுங்கள். எது பிடிக்கவில்லை என்பதையும் அதில் எழுதுங்கள். அடுத்த தீபாவளிக்கு அலமாரி ஒழிக்கும்போது எடுத்து, முதலில் துணியைப் பாருங்கள், அப்புறம் தாளைப் படியுங்கள். நீங்கள் எழுதிவைத்த குறை அப்போதும் கண்ணில் பட்டால் அன்றைக்கே கத்திரியை எடுத்துவிடலாம்.