பாசார் மாலாமில் வாங்கிய ரப்பர் வாத்தைக் கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடுமா?

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. கோலாலம்பூரில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ரப்பர் வாத்தை எந்நேரமும் கடித்துச் சப்புகிறது. கொதிநீரில் போட்டு எடுத்தால் போதுமா?

போதாது. கொதிநீரில் கிருமி சாகும், பொம்மைக்குள் ஊறியிருக்கும் வேதிப்பொருள் போகாது. முதலில் அந்த வாத்தைக் குழந்தையின் வாய்க்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

ரப்பர் என்று விற்கும் மலிவான பொம்மைகளில் பல ரப்பரே இல்லை, பிவிசி என்னும் பிளாஸ்டிக். பிவிசி இயல்பில் தண்ணீர்க் குழாய் போல விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற இளக்கியைக் கலக்கிறார்கள். அதில் மலிவானது தாலேட். 100 கிராம் பொம்மையில் 30 கிராம் இளக்கியாகவே இருக்கலாம். அது பிவிசியோடு பிணைந்து நிற்பதில்லை, இடையிடையே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கடிக்கக் கடிக்க எச்சிலோடு வெளியே வரும். தாலேட்டுகளில் சில, ஆண் குழந்தையின் இனப்பெருக்க வளர்ச்சிக்கான ஹார்மோனைக் குலைக்கக்கூடியவை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் பொம்மைகளில் அவற்றுக்கு வைத்திருக்கும் வரம்பு 0.1 விழுக்காடு. 100 கிராம் பொம்மைக்கு வெறும் 0.1 கிராம்!

மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். தாலேட்டுக்குக் கிட்டத்தட்ட வாசனையே கிடையாது. பொம்மையின் மேல் பிசுபிசுப்பு இருந்தாலோ, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்து அதை உருக்கியதுபோல் தடம் பதித்திருந்தாலோ இளக்கி கசிகிறது என்று பொருள். அது தாலேட்டா, வேறு இளக்கியா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்ல முடியும். சூடு கசிவை விரைவுபடுத்தும். வெயிலில் நிறுத்திய காரில் பொம்மையை விட்டு வைப்பதும் தவறு. கண், அலகில் பூசிய சாயம் உரிந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

உண்மையான ரப்பரில் சிக்கல் வேறு. ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைக்கும்போது, அது விரைவில் இறுக வேண்டும் என்று சேர்க்கும் முடுக்கிகளில் சில, நைட்ரோசமின் என்னும் பொருளை உண்டாக்கும். அந்தக் குடும்பத்தில் பல புற்றுநோய் வருவிக்கக்கூடியவை. மூன்று வயதுக்குட்பட்டோரின் ரப்பர் பொம்மைகளிலிருந்து கசியும் நைட்ரோசமினுக்கு ஐரோப்பிய வரம்பு ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். ரப்பர் சூப்பானை முதல்முறை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். விரிசல் விட்டாலோ ஒட்டினாலோ மாற்றுங்கள். உதட்டைச் சுற்றித் தடிப்பு வந்தால் ரப்பர் பால் ஒவ்வாமையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். பலூனும் இதே ரப்பர்தான். வாயால் ஊதாமல் பம்பு பயன்படுத்துங்கள்.

இனி வாங்கும்போது பொம்மையிலோ உறையிலோ எம்.சி. (MC) முத்திரையைத் தேடுங்கள், பாதுகாப்புத் தரத்துக்கு ஒத்த பொம்மை என்பதற்கான அடையாளம் அது. மலேசியாவில் அது கட்டாயம். இல்லையென்றால் பொம்மை, உறை, கடை மூன்றையும் படம் எடுத்து உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம்.

ஈறு நமைச்சலுக்கு இன்றைக்கே ஏதாவது வேண்டுமென்றால், சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருந்து கடிக்கக் கொடுங்கள். ஐஸ் பெட்டியில் வேண்டாம், உறைந்த துணி ஈறைப் புண்ணாக்கும்.