மெழுகுப்புழுவைத் தவிர எதையும் தொடாத கெக்கோ

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மகன் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோவுக்கு (புள்ளி போட்ட ஒரு வகைப் பல்லி) ஏழு மாதம். தோல் உரித்த வாரத்தில் சாப்பிடாமல் கிடந்தது. நண்பர் ஒருவர் சொன்னார் என்று மெழுகுப்புழு கொடுத்தோம். இப்போது அதைத் தவிர எதைப் போட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கடையில் கிரிக்கெட் (சுவர்க்கோழிப் பூச்சி), வெட்டுக்கிளி, மீல்வோர்ம், மோரியோ (இரண்டும் வண்டின் புழுக்கள்) என்று டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கிறார்கள். எதை வாங்குவது?"

சோறு இறங்காத பிள்ளைக்கு அல்வா ஊட்டிப் பழக்கிய கதைதான் இது. மெழுகுப்புழு, தேன்கூட்டில் புகுந்து தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு. அதன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு. கிரிக்கெட்டில் 7 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். மாதத்தில் ஓரிரு முறை கொடுத்தால் தப்பில்லை, தினமும் கூடாது.

கொழுப்பைவிட எனக்குக் கவலை கால்சியம். உடம்புக்குள் போகும் பாஸ்பரஸைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு கால்சியம் போக வேண்டும். 100 கிராம் கிரிக்கெட்டில் கால்சியம் 40 மில்லிகிராம், பாஸ்பரஸோ 300-ஐ நெருங்கும். மீல்வோர்ம் இன்னும் மோசம். இந்தக் கணக்கு மாதக்கணக்கில் நீடித்தால் தாடை ரப்பர் போல் மெத்தென்றாகும், கால் வளையும். கடையில் 'கால்சிவோர்ம்' என்று விற்கும் கருப்புச் சிப்பாய் ஈயின் புழுவில் மட்டும் கணக்கு தலைகீழ்: கால்சியம் 900-க்கு மேல், பாஸ்பரஸ் 350 அளவில். ஆனால் அது பொடிசு, கொழுப்பும் கொஞ்சம் உண்டு. அதை மட்டும் வைத்து வளர்த்துவிட முடியாது.

நான் வாங்கினால் வெட்டுக்கிளியும் கிரிக்கெட்டும் மாற்றி மாற்றி வாங்குவேன். பிரிட்டனில் வெட்டுக்கிளி சுலபமாகக் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். விலை கூடுதல்தான், ஆனால் சத்தமும் இல்லை, நாற்றமும் குறைவு. கிரிக்கெட் மலிவு. ஆனால் ராத்திரி முழுக்கக் கத்தும், மூடி சரியில்லாவிட்டால் வீட்டில் குடியேறும். மிஞ்சிய கிரிக்கெட்டைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பசித்தால் அது கெக்கோவையே கடிக்கும். காசு கொடுத்துக் கரப்பானை வீட்டுக்குள் கொண்டுவர மனம் ஒப்பினால் டூபியா கரப்பானும் நல்ல தீனி. வழுக்கும் கண்ணாடியில் அதால் ஏற முடியாது.

மீல்வோர்ம் வயிற்றைக் குடைந்துகொண்டு வெளியே வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெக்கோ மென்றுதான் விழுங்கும். ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும் என்பதால் அவசரத்துக்கு ஒரு டப்பா இருக்கட்டும். மோரியோவை ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும். அது வளர்ந்த கெக்கோவுக்கு, அதுவும் எப்போதாவது. எதுவானாலும் பூச்சியின் உடல் அகலம் கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்ட வேண்டாம்.

கடை டப்பாவில் வரும் பூச்சி பெரும்பாலும் பட்டினி கிடந்தே வரும். வெறும் வயிற்றுப் பூச்சியைப் போட்டால் வெறும் ஓட்டைப் போட்டது போலத்தான். கொடுப்பதற்கு முந்தைய நாள் அதற்கு கேரட், கேல் கீரை, ஓட்ஸ் போடுங்கள். பசலைக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு பையில் பூச்சியையும் ஒரு சிட்டிகை கால்சியம் பொடியையும் போட்டுக் குலுக்கி, உடனே கொடுங்கள். வைட்டமின் டி3 கலந்த பொடி தினமும் வேண்டாம், டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

சரி, அடம்பிடிப்பதை எப்படி மாற்றுவது? முதலில் தொட்டியைப் பாருங்கள். சூடான பக்கத்துத் தரை 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா? அது இல்லாமல் செரிக்காது, பசியும் எடுக்காது. லண்டன் குளிரில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சூடு சரியாக இருந்தால் மெழுகுப்புழுவை அடியோடு நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை, இருட்டும் நேரத்தில், இடுக்கியில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து அதன் முன்னால் லேசாக அசைத்துக் காட்டுங்கள். இவை பொழுது சாய்ந்தபின் வேட்டையாடுபவை, அசைவதைத்தான் துரத்தும். அப்படியும் மறுத்தால் ஒரு மெழுகுப்புழுவைக் கிள்ளி, அதன் சாற்றை வெட்டுக்கிளியின் தலையில் தடவிக் கொடுங்கள். கொஞ்சம் அருவருப்பாக இருக்கும், ஆனால் பல நேரம் பலிக்கும்.

வால் குண்டாக இருக்கும் ஆரோக்கியமான கெக்கோ ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, சேமிப்பு வாலில் இருக்கிறது. உங்கள் மகன் இரண்டாம் நாளே கண்ணைக் கசக்குவான், அவனைச் சமாளிப்பதுதான் கஷ்டம். அவனிடம் சமையலறைத் தராசைக் கொடுத்து, வாரம் ஒருமுறை கெக்கோவின் எடையைக் கிராமில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ வால் மெலிந்தாலோ காத்திருக்காமல், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். புதிதாக இட்ட எச்சத்தையும் ஒரு டப்பியில் எடுத்துக்கொண்டு போனால், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.