ஜம்போ என்றால் எவ்வளவு பெரிசு?

கேள்வி: ஜம்போ என்றால் யானை என்கிறான் என் பையன், பெரியது என்கிறேன் நான். அகராதி என் பக்கம்தான். ஆனால் குழந்தைகள் புத்தகங்களில் யானைக்குத்தானே அந்தப் பெயர் வருகிறது? யார் சொல்வது சரி?

பதில்: பையன் பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது. ஒரு யானைக்கு அந்தப் பெயர் இருந்ததால்தான் பெரிய சைஸெல்லாம் ஜம்போ ஆயிற்று. ஆப்பிரிக்காவில் குட்டியாகப் பிடிபட்டு, பாரிஸ் போய், அங்கிருந்து 1865-ல் லண்டன் மிருகக்காட்சிசாலைக்கு நோஞ்சானாக வந்து சேர்ந்த ஆண் யானை அது. தேறி வளர்ந்தபின் பிள்ளைகளை முதுகில் ஏற்றிச் சுமந்தே ஊருக்கெல்லாம் செல்லமாகிவிட்டது. 1882-ல் அமெரிக்க சர்க்கஸ்காரர் பி.டி.பர்னம் 2,000 பவுண்டு கொடுத்து அதை வாங்க, விற்கக் கூடாது என்று பிள்ளைகள் விக்டோரியா மகாராணிக்கே கடிதம் போட்டார்கள், சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. 1885 செப்டம்பரில் கனடாவில் ரயில் மோதி இறந்துபோனது, பாவம். ஆனால் அதற்குள் பர்னம் அடித்த விளம்பரத் தம்பட்டத்தில் பெயர் எங்கும் பரவிவிட்டது. கண்ட பொருளுக்கெல்லாம் அந்த யானைப் படத்தைப் போட்டு விற்றார்கள்.

அதற்கு முன்பும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் உண்டு, தடித்த, அசமந்தமான ஆளைக் குறிக்கும் கொச்சையாக. அதை யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. சைஸைக் குறிக்கும் சொல்லாகப் பரவியது யானையால்தான்.

விளம்பர வாடை இன்னும் போகவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மலை, கடல், பிரச்சினை இதற்கெல்லாம் ஜம்போ போட்டால் கேட்பவர் சிரிப்பார், அங்கே பிக், ஹ்யூஜ் போதும். ஒரே பொருள் பல சைஸில் வருகிறது, அதில் வழக்கமானதைவிடப் பெரிசு என்றால் ஜம்போ: ஜம்போ பாக்கெட், ஜம்போ பென்சில். இதுவே பெரிசு என்ற பொருளைச் சுமந்துகொண்டிருப்பதால் வெரி ஜம்போ, மோர் ஜம்போ என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. அமைச்சர்கள் எண்ணிக்கை எக்கச்சக்கமாகிவிட்டால் நம் பத்திரிகைகள் ஜம்போ அமைச்சரவை என்று எழுதுகின்றனவே, அதில் இருப்பது கிண்டல். அலுவலகக் கடிதத்திலோ பரீட்சைக் கட்டுரையிலோ இந்தச் சொல் வேண்டாம், அங்கே லார்ஜ் என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கேள்வி: எல்லாப் பெரிய விமானமும் ஜம்போ ஜெட்தானா?

பதில்: பேச்சில் அப்படிச் சொல்பவர்கள் உண்டு, ஆனால் அந்தப் பட்டம் போயிங் 747-க்கு வந்தது. 1969 பிப்ரவரி 9-ல் முதன்முதலாகப் பறந்த, முன்பக்கம் மேலே திமில் மாதிரி புடைத்திருக்கும் விமானம். பத்திரிகைகள் சூட்டிய செல்லப்பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. பின்னால் இரண்டு தளமும் முழுநீளத்துக்கு ஓடும் ஏர்பஸ் ஏ380 வந்ததும் ஜம்போ போதவில்லை, சூப்பர்ஜம்போ என்றார்கள். அதைவிடப் பெரிசாக ஒன்று வந்தால் என்ன செய்வார்களோ!

கேள்வி: மம்போ ஜம்போ என்றால் மிகமிகப் பெரியது என்று அர்த்தமா?

பதில்: இல்லவே இல்லை. அதற்கும் சைஸுக்கும் சம்பந்தமில்லை. யாருக்கும் புரியாத, புரியவே கூடாது என்று பேசுகிற பேச்சுக்கும், அர்த்தமில்லாத சடங்குகளுக்கும் அந்தப் பெயர். யானை ஜம்போ பிறப்பதற்கு 100 வருஷத்துக்கு முன்பே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. வக்கீல் பத்திரத்தைப் படித்துத் தலைசுற்றினால் தாராளமாகச் சொல்லலாம், வக்கீல் பக்கத்தில் இல்லாதபோது.