பதினாறும் ஒன்பதும்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சாக்ரடீஸ் முறையில் கேள்வி கேட்டே பாடம் நடத்துகிறேன். பிள்ளைகளும் 'ஆமா சார்' என்கிறார்கள், பரீட்சையில் கோட்டை விடுகிறார்கள். அது போகட்டும். அப்பேர்ப்பட்ட மனிதரை ஓட்டுப் போட்டுக் கொன்றது ஏதென்ஸின் ஜனநாயகம்தானே? விவரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் ஓட்டு என்று வைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் அல்லவா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அதையும் செய்து பார்த்தார்கள். கி.மு. 404இல், போரில் ஏதென்ஸை வென்ற எதிரி நகரமான ஸ்பார்ட்டாவின் தயவில் ஆட்சியைப் பிடித்த முப்பது பேர், 3000 பேருக்கு மட்டும் உரிமை என்று பட்டியல் போட்டார்கள். பட்டியலில் இல்லாதவனை விசாரணையின்றியே கொல்லலாம். அவர்களில் முன்னணியில் நின்ற கிரிட்டியாஸ் நன்றாகப் படித்தவர், சாக்ரடீஸோடு பழகியவர்! அந்த ஆட்சி ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது நடந்த வழக்கிலோ, முப்பது ஓட்டு மாறியிருந்தால் விடுதலை. இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

'அது போகட்டும்' என்று தாண்டிப் போனீர்களே, எனக்கு அதைத்தான் விட முடியவில்லை. 'ஆமா சார்' வாங்குவதற்கு சாக்ரடீஸ் எதற்கு?

சாக்ரடீஸின் சீடர் பிளேட்டோ எழுதிய 'மேனோ'வை நிதானமாகப் படியுங்கள். சாக்ரடீஸும் மேனோ என்பவரும் பேசும் உரையாடல் அது. மேனோவின் வீட்டில் பிறந்த அடிமைப் பையன் ஒருவன். ஏதென்ஸில் அவனுக்கு ஓட்டு கிடையாது. பக்கம் 2 அடி உள்ள சதுரம், பரப்பளவு 4. அதைப்போல் இருமடங்கு பரப்பளவுக்குப் பக்கம் எவ்வளவு? பையன் பட்டென்று 4 அடி என்கிறான். சாக்ரடீஸ் 'தப்பு' என்று சொல்வதில்லை. அவன் சொன்ன சதுரத்தையே வரைந்து எண்ண வைக்கிறார்: 16. வேண்டியது 8. சரி, நடுவில் 3 என்கிறான். அதையும் எண்ண வைக்கிறார்: 9. பையன் திணறிப்போய்த் தெரியவில்லை என்கிறான். சாக்ரடீஸ் மேனோவிடம் திரும்பி, இனிதான் இவன் தேடுவான் என்கிறார்.

பிறகு பரப்பளவு 16 உள்ள சதுரத்தின் நான்கு கட்டங்களுக்கும் (ஒவ்வொன்றும் 4) மூலைவிட்டம் போடுகிறார். உள்ளே சாய்ந்து நிற்கும் சதுரம் நான்கு பாதிகள், அதாவது 8. இந்தக் கட்டத்தில் பையன் சொல்வதெல்லாம் ஏறக்குறைய 'ஆமாம்'தான். உரையாடலில் பலவீனமான பகுதியும் இதுவே. நீங்கள் காப்பியடிப்பது இதை மட்டும். 4ஐயும் 3ஐயும் தானே சொல்லி, 16ஐயும் 9ஐயும் தானே எண்ணித் தோற்காத பிள்ளைக்கு மூலைவிட்டம் இன்னொரு கோடு, அவ்வளவுதான்.

(அதே உரையாடலில் அனிட்டஸும் வந்து உட்கார்ந்து, கோபித்துக்கொண்டு, சாக்ரடீஸை எச்சரிக்கிறார். பின்னாளில் குற்றம் சாட்டிய மூவரில் ஒருவர். அந்த முப்பது பேரை விரட்டப் போராடியவரும் அவரே. வில்லனாக்குவது அத்தனை சுலபமில்லை.)

நாளைக்கு இதையே நடத்துங்கள். விடையை முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் முதல் பெஞ்சுக்காரன் கத்துவான், மற்றவர்கள் அவனோடு சேர்ந்துகொள்வார்கள். தப்பான சதுரங்களைக் கரும்பலகையிலிருந்து அழிக்காதீர்கள். ஒருவன் கால்குலேட்டரைத் தட்டி 2.83 என்பான். பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், 8.0089 வரும். தசமத்தைக் கூட்டிக்கொண்டே போவான், 8இல் போய் நிற்காது. சாக்ரடீஸும் அந்தப் பையனிடம், எண்ணால் சொல்ல விருப்பமில்லையென்றால் எந்தக் கோடு என்று காட்டு என்றுதான் கேட்டார். சாக்பீஸை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள்.