மாட்டுக் கரு ஆய்வகம்: மகளை அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோருக்கு

மகள் கால்நடை மருத்துவம் இறுதி ஆண்டு படிக்கிறார், அரசுத் தேர்வுக்குத் தயாராகாமல் ஐவிஎஃப் (முட்டையை உடலுக்கு வெளியே கருவாக்கும் முறை) லேப் என்றே பேசுகிறார், அதில் எதிர்காலம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்த ஆய்வகம் அவரிடம் எதை எதிர்பார்க்கும் என்பதை இருவரும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கருவிகளை இயக்கத் தெரிந்தவர்கள் கிடைத்துவிடுகிறார்கள். ஒரு பசுவின் முட்டை ஏன் கருவாகவில்லை என்று காரணம் கண்டுபிடிப்பவர்கள்தான் அரிது.

வேலை இரண்டு இடங்களில் நடக்கும். பண்ணையில், ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே யோனி வழியாக ஊசி செலுத்தி, சினைப்பையில் 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள ஃபாலிக்கிள்களிலிருந்து (முட்டை வளரும் நீர்ப்பைகள்) முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். ஓபியூ எனப்படும் இந்த வேலைக்குக் கால்நடை மருத்துவரின் பழகிய கை வேண்டும். ஆய்வகத்தில், 38.5 டிகிரி செல்சியஸில் 22 முதல் 24 மணி நேரம் முட்டையை முதிர வைத்து, 18 மணி நேரம் போல விந்தணுவோடு வைத்து, ஏழாம் நாள் வரை வளர்ப்பார்கள். இன்குபேட்டர் என்ற வளர்ப்புப் பெட்டியின் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 5 சதவீதம். வளர்ப்புக் கட்டத்தில் ஆக்சிஜனும் 5 சதவீதமாகக் குறைக்கப்படும். 100 முட்டை வைத்து 30, 40 பிளாஸ்டோசிஸ்ட் (ஏழாம் நாள் கரு) கிடைத்தால் அது நல்ல ஆய்வகம்.

மீதி 60, 70 எங்கே போயிற்று? மகள் இந்தக் கேள்வியோடுதான் உள்ளே போக வேண்டும். பெரும்பாலும் விடை முட்டையின் ஆற்றல் கணக்கில் இருக்கிறது.

மாட்டு முட்டைக்குத் தானாக குளுக்கோஸை உடைக்கும் திறன் மிகக் குறைவு. முட்டையை உறைபோலச் சுற்றியிருக்கும் கியூமுலஸ் செல்கள்தான் குளுக்கோஸைப் பைருவேட் என்ற எளிய எரிபொருளாக மாற்றி, சமைத்து ஊட்டுவதுபோல முட்டைக்குள் அனுப்புகின்றன. உள்ளே, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா அதை எரித்து, செல் செலவழிக்கும் ஆற்றலான ஏடிபி ஆக்குகிறது. அதனால்தான் முட்டைகளைத் தரம் பிரிக்கும்போது, கியூமுலஸ் பல அடுக்காக இறுகி, உள்ளே ஒரே சீராக இருப்பவை முதல் தரம். உறை கழன்று மொட்டையாக வந்தவை ஒதுக்கப்படும். ஊசியின் உறிஞ்சு அழுத்தம் கூடினால் நல்ல முட்டையும் மொட்டையாகிவிடும். அப்போது பசுவைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. விந்தணு கொண்டுவரும் மைட்டோகாண்ட்ரியா அழிந்துவிடும். பிளாஸ்டோசிஸ்ட் கட்டத்தை நெருங்கும்வரை கரு புதிதாக மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குவதும் இல்லை. தாய் முட்டையில் சேர்த்துவைத்ததை மட்டுமே வைத்து அது பிரிந்துகொண்டே போகிறது. மாட்டுக் கருவில் அதன் சொந்த மரபணுக்கள் முழுவீச்சில் இயங்கத் தொடங்குவது 8 முதல் 16 செல் கட்டத்தில். இருப்புக் குறைந்த முட்டைகள் சரியாக அங்கேதான் நின்றுபோகும்.

இதை வைத்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். விந்தணு சேர்த்து 48 மணி நேரத்தில் எத்தனை முட்டை பிரிந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையே குறைவென்றால் விந்தின் தரத்தையும் முதிர்ச்சிக் கட்டத்தையும் பாருங்கள். பிரிந்தது 70, 80 சதவீதம், ஆனால் ஏழாம் நாள் கரு மட்டும் இல்லை என்றால், முட்டையின் தரமோ வளர்ப்பு ஊடகமோ (கரு வளரும் கரைசல்) காரணம். இவற்றில் எது என்று பிரித்தறிய, அதே நாளில் இறைச்சிக்கூடத்துச் சினைப்பைகளிலிருந்து எடுத்த முட்டைகளையும் அதே ஊடகத்தில் ஒரு தொகுதியாக வைக்க வேண்டும். அவை வளர்ந்து, பசுவின் முட்டை மட்டும் நின்றால் கோளாறு பசுவிடம். இரண்டும் நின்றால் ஆய்வகத்தில். இன்குபேட்டரின் வாயு அளவு, ஊடகத்தின் அமிலநிலை, மேலே ஊற்றும் எண்ணெயின் புதிய தொகுதி, அறையில் யாரோ பூசிவந்த வாசனைத் திரவியம் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும்.

கோளாறு பசுவிடம் என்றால் தீவனத் தொட்டிக்குப் போக வேண்டும். கன்று ஈன்ற அதிகக் கறவைப் பசு, தின்பதைவிட அதிகமாகப் பாலில் இழக்கிறது. உடல் கொழுப்பு கரைந்து, கொழுப்பமிலங்கள் ஃபாலிக்கிள் நீர்வரை சென்று முட்டையைப் பாதிக்கின்றன. ஃபாலிக்கிள் வளர மாதக்கணக்கில் ஆவதால், இன்று எடுக்கும் முட்டை இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய பட்டினியைச் சுமந்து வரும். கோடை வெப்பமும் அப்படித்தான். கத்திரி வெயில் முடிந்த உடனே முட்டை தேறிவிடாது. இதற்குப் பயந்து அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டுவதும் தவறு. கொழுத்த கிடேரிகளின் முட்டையும் கெடும்.

இதையெல்லாம் படிக்கும்போது மகளின் முகம் மலர்கிறதா என்று பாருங்கள். மலர்ந்தால் வழி இருக்கிறது. பயிற்சி ஆண்டை முடித்து மாநில கால்நடை மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்ததும், கால்நடை ஈனியல், இனப்பெருக்கவியலில் எம்.வி.எஸ்சி. மேற்படிப்பு சேரட்டும். பண்ணை வேலையும் ஆய்வகமும் இரண்டும் அதில் கைவரும். விலங்கு உயிர்த்தொழில்நுட்பம் எடுத்தால் பெரும்பாலும் ஆய்வகத்தோடு நின்றுவிடும். உலகின் முதல் ஐவிஎஃப் எருமைக் கன்று 1990இல் பிறந்த, ஹரியானாவின் கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தையும் குறிவைக்கலாம். தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம், பைஃப் தொண்டு நிறுவனம், 2014இல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்டிரிய கோகுல் திட்டத்தின் நிதியில் நடக்கும் ஆய்வகங்கள் போன்றவை வேலை தரும் இடங்கள். திட்ட நிதியில் வரும் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையிலானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே டி.என்.பி.எஸ்.சி. கால்நடை உதவி மருத்துவர் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிராம மருந்தகத்தில் தினமும் சினைப்பையைத் தடவிப் பார்த்த கைக்கு ஓபியூ சீக்கிரம் படியும்.

இப்போதே செய்யக்கூடியது: துறைப் பேராசிரியரிடம் கேட்டு, எருமைச் சினைப்பைகளிலிருந்து முட்டை எடுத்துத் தரம் பிரித்துப் பழகட்டும். சினைப்பைகளை வெதுவெதுப்பான உப்புக்கரைசலில் சில மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், 18 கேஜ் ஊசி போதும். ஒவ்வொரு தொகுதியிலும் எத்தனை எடுத்தார், எத்தனை முதல் தரம், எத்தனை மொட்டை என்று நோட்டில் எழுதிவைக்கட்டும். நேர்காணலுக்குச் சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.